ஒரே மேஜையில் இரண்டு எதிரிகள்

இங்கிலாந்தில் தொகுதிகளைப் பிரித்த கதை

ஒருவர் பிரதம மந்திரி. மற்றவர் எதிர்க்கட்சித் தலைவர். மாதக்கணக்கில் மேடைக்கு மேடை ஒருவரை ஒருவர் தாக்கிப் பேசியவர்கள். அவர்களுடைய கட்சிக்காரர்கள் நாற்காலிகளைத் தூக்கி எறிந்து சண்டை போட்டுக்கொண்டார்கள். "இந்தச் சண்டை எங்கே போய் முடியுமோ?" என்று நாட்டின் ராணியே கவலைப்பட்டார்.

1884-ம் ஆண்டு நவம்பர் மாதம் அந்த இருவரும் ஒரே மேஜையில் எதிரெதிராக உட்கார்ந்தார்கள். மேஜைமேல் நாட்டின் வரைபடம். பக்கத்தில் ஜனத்தொகைக் கணக்கு. ஒரு வாரம் பேசினார்கள். பேசி முடித்து எழுந்தபோது இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, அயர்லாந்து ஆகிய நான்கு பகுதிகளையும் புதிய தொகுதிகளாகப் பிரிப்பதற்கு ஒப்பந்தம் ஆகிவிட்டது!

பிரதம மந்திரியின் பெயர் கிளாட்ஸ்டன். லிபரல் கட்சித் தலைவர். எதிர்க்கட்சித் தலைவர் சாலிஸ்பரி பிரபு. கன்சர்வேடிவ் கட்சியைச் சேர்ந்தவர்.

"ஒரு தொகுதிக்கு ஒரு மெம்பர்" என்று இன்று எல்லோரும் சாதாரணமாகச் சொல்கிறோம். அது இங்கிலாந்தில் பொது விதியாக ஆனது இந்த இருவருடைய ஒப்பந்தத்தினால்தான். அதற்கு முன்பு அங்கே தொகுதிகள் இருந்த கோலத்தைக் கேட்டால் சிரிப்பு வரும்.

ஆள் இல்லாத தொகுதி

இங்கிலாந்தில் ஓல்டு சாரம் என்று ஒரு மேடு இருக்கிறது. பழைய காலத்தில் அங்கே ஊர் இருந்தது. பிறகு மக்கள் இடம் பெயர்ந்து போய்விட்டார்கள். வீடுகள் போயின. மாதாகோவிலும் போய்விட்டது. புல்லும் கல்லும்தான் மிச்சம்.

ஆனால் அந்த மேட்டுக்குப் பார்லிமெண்டில் இரண்டு மெம்பர்கள்! ஓட்டர்கள் ஒரு டஜன் பேர்கூட இல்லை. தேர்தல் வந்தால் வயல்வெளியில் ஒரு மரத்தடியில் கூடுவார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர் கைகாட்டும் ஆள்தான் மெம்பர். நிலத்தை வாங்கினால் பார்லிமெண்டு சீட்டும் சேர்ந்து வரும்.

இந்த மேட்டை வாங்கியவர்களில் ஒருவர் சென்னைக்குத் தெரிந்தவர். தாமஸ் பிட் என்பது அவர் பெயர். இந்தியாவில் வியாபாரம் செய்து பணம் குவித்தவர். 1698-ம் ஆண்டு முதல் 1709-ம் ஆண்டு வரை சென்னைக் கோட்டையின் கவர்னராக இருந்தார். சென்னையில் அவர் வாங்கிய ஒரு பெரிய வைரம் பிறகு பிரெஞ்சு அரச குடும்பத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதனால் அவருக்கு "வைர பிட்" என்றே பெயர் வந்துவிட்டது. கவர்னர் ஆவதற்கு முன்பே, 1691-ல், ஓல்டு சாரம் சீட்டு சேர்ந்த நிலத்தை அவர் வாங்கிப் போட்டிருந்தார். அவருடைய பேரன் வில்லியம் பிட் 1735-ல் அந்தத் தொகுதியின் மெம்பராகத்தான் பார்லிமெண்டுக்குள் நுழைந்தார். பிற்காலத்தில் அவர் பிரதம மந்திரியும் ஆனார்.

நிலத்தைத் தாமஸ் பிட்டுக்கு விற்றவர் யார் தெரியுமா? அந்தக் காலத்து சாலிஸ்பரி பிரபு! நமது கதையில் வரும் சாலிஸ்பரி பிரபுவின் முன்னோர்.

ஆர்க்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்துக் கொழுத்த பால் பென்பீல்டு என்ற கம்பெனி உத்தியோகஸ்தரும் இதே வழியைப் பிடித்தார். 1780-ல் கிரிக்லேடு என்ற ஊரின் மெம்பர் ஆனார். தன்னையும் சேர்த்து எட்டு மெம்பர்களை அவர் பார்லிமெண்டில் உட்கார வைத்தார் என்று பர்க் என்ற பேச்சாளர் 1785-ல் சபையிலேயே குற்றம் சாட்டினார். ஆர்க்காட்டு விவசாயி கட்டிய வரிப் பணம் எங்கெல்லாம் போய் என்னவெல்லாம் செய்திருக்கிறது, பாருங்கள்!

டன்விச் என்ற இன்னொரு ஊர் பெரும்பகுதி கடலுக்குள் போய்விட்டது. அதற்கும் இரண்டு மெம்பர்கள். பஞ்சாலைகள் நிறைந்த மான்செஸ்டர் பட்டணத்துக்கோ தனியாக ஒரு மெம்பர்கூட இல்லை.

1832-ம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் ஓல்டு சாரத்தை ஒழித்தது. அதைப்போல 56 சிற்றூர்கள் மெம்பர்களை அடியோடு இழந்தன. ஆனால் அந்தச் சட்டம் சமாதானமாக வரவில்லை. பிரிஸ்டல் நகரம் தீப்பற்றி எரிந்த பிறகு, "புதிய பிரபுக்களை நியமித்து மேல்சபையை நிரப்பிவிடுவோம்" என்று மிரட்டிய பிறகு வந்தது.

ஓட்டின் எடை

1867-ல் இன்னொரு சட்டம் வந்தது. பட்டணங்களில் குடித்தனம் இருக்கும் தொழிலாளிக்கு ஓட்டு கிடைத்தது. 1872-ல் ரகசிய ஓட்டு முறை வந்தது. யாருக்கு ஓட்டுப் போட்டான் என்று முதலாளிக்குத் தெரியாது.

அப்படியும் இரண்டு குறைகள் நின்றன.

முதல் குறை: கிராமத்து மனிதனுக்கு ஓட்டு இல்லை. பட்டணத்து எல்லைக்குள் குடியிருக்கும் தொழிலாளிக்கு ஓட்டு உண்டு. எல்லையைத் தாண்டி அரை மைல் தள்ளிக் குடியிருக்கும் அவனுடைய தம்பிக்கு இல்லை. வயலில் உழைப்பவனுக்கும் சுரங்கத்துக் கிராமத்தில் நிலக்கரி வெட்டுபவனுக்கும் இல்லை.

இரண்டாவது குறை: ஓட்டு இருந்தாலும் அதன் எடை சமமாக இல்லை. கான் என்ற சிறிய ஊரில் சுமார் 5 ஆயிரம் பேர் இருந்தார்கள். அதற்கு ஒரு மெம்பர். லிவர்பூல் துறைமுகத்தில் 5½ லட்சம் பேர் இருந்தார்கள். அதற்கு மூன்றே மெம்பர்கள். வகுத்துப் பார்த்தால் லிவர்பூலில் 1 லட்சத்து 80 ஆயிரம் பேருக்கு மேல் சேர்ந்தால் ஒரு மெம்பர். கான் ஊர்க்காரர் தராசில் ஏறினால் லிவர்பூல்காரர் முப்பது பேருக்கு மேல் எதிர்த் தட்டில் ஏற வேண்டும்!

கிளாட்ஸ்டன் முதல் குறையைத் தீர்க்கப் புறப்பட்டார். 1884-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் மசோதா கொண்டுவந்தார். பட்டணத்தில் உள்ள அதே ஓட்டுரிமை கிராமத்துக்கும் உண்டு என்றது மசோதா. காமன்ஸ் சபையில் அது நிறைவேறியது. அடுத்து அது பிரபுக்கள் சபைக்குப் போனது. அங்கே சாலிஸ்பரியின் கட்சிக்கே பெரும்பான்மை.

"ஓட்டு கொடுப்பதை நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் தொகுதிகளை எப்படிப் பிரிக்கப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள். இரண்டும் ஒன்றாக வரட்டும்" என்பது சாலிஸ்பரியின் நிலை. ஜூலை 8-ந் தேதி ஓட்டெடுப்பு நடந்தது. 205 ஓட்டுக்கு 146 ஓட்டு. மசோதா நின்றுபோனது.

யார் பக்கம் நியாயம்?

லிபரல்கள் கொதித்தார்கள். "பிரபுக்களா? பொதுமக்களா?" என்று கேட்டார்கள். பிரபுக்கள் சபையைத் திருத்த வேண்டும், அல்லது தீர்த்துக்கட்ட வேண்டும் என்று மேடைகளில் பேசினார்கள். ஜூலை 21-ந் தேதி லண்டனில் மாபெரும் ஊர்வலம் நடந்தது. கிராமத்து உழவர்களும் தொழிற்சங்கத்தாரும் கொடிகளோடு ஹைடு பார்க்குக்கு நடந்தார்கள். "உல்லாசப் பயணம் வந்து சட்டம் போடப் பார்க்கிறார்கள்" என்ற தோரணையில் சாலிஸ்பரி அதைக் கேலி செய்தார்.

ஆனால் சற்றுப் பொறுமையாகப் பார்த்தால் சாலிஸ்பரி கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. பழைய தொகுதிகளை அப்படியே வைத்துக்கொண்டு புதிதாக 20 லட்சம் பேருக்கு மேல் ஓட்டு கொடுத்துத் தேர்தல் நடத்தினால் என்ன ஆகும்? ஓட்டுப் பெற்ற உழவர்கள் நன்றியோடு லிபரல் கட்சிக்குப் போடுவார்கள். அப்படி வரும் பெரும்பான்மையை வைத்துக்கொண்டு லிபரல் கட்சி தன் இஷ்டம்போலத் தொகுதிகளைப் பிரித்துவிடும். கோடு போடுகிறவன் கையில்தானே வெற்றி!

கிளாட்ஸ்டனுக்கு வேறு பயம். எந்தெந்த ஊருக்கு சீட்டு போகிறது என்று முதலிலேயே காட்டிவிட்டால், சீட்டை இழக்கப்போகிற மெம்பர்கள் ஓட்டுரிமை மசோதாவையே கவிழ்த்துவிடுவார்கள். சொந்தக் கட்சிக்காரர்களே கவிழ்ப்பார்கள். தன் நாற்காலியை உடைக்கத் தானே கோடாலி எடுத்துக் கொடுப்பவர் உண்டா? கோடாலி பிடித்துக் காட்டில் மரம் வெட்டுவதைப் பொழுதுபோக்காகக் கொண்ட கிளாட்ஸ்டனுக்கு இது நன்றாகவே தெரியும்.

ஆக, இரண்டு பேரும் பயந்தார்கள். ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கை இல்லை. சண்டையின் வேர் அதுதான்.

பறந்த நாற்காலிகள்

அக்டோபர் 13-ந் தேதி பர்மிங்காம் நகரின் பக்கத்தில் ஆஸ்டன் பூங்காவில் கன்சர்வேடிவ் கட்சியின் பெரிய கூட்டம். டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அனுமதி. லிபரல் தொண்டர்கள் மதில் ஏறிக் குதித்து உள்ளே புகுந்தார்கள். மேடையை நோக்கி நாற்காலிகள் பறந்தன. பேச வந்த தலைவர்கள் பேச முடியவில்லை.

அப்படிப் பேச முடியாமல் போனவர்களில் ஒருவர் ஸ்டாபோர்டு நார்த்கோட். காமன்ஸ் சபையில் கன்சர்வேடிவ் கட்சியின் தலைவர். சாந்தமான மனிதர். இன்னொரு விசேஷமும் உண்டு. வாலிபத்தில் அவர் கிளாட்ஸ்டனிடம் அந்தரங்கக் காரியதரிசியாக வேலை பார்த்தவர். கட்சி மாறினாலும் பழைய மரியாதை மாறவில்லை. இப்படி ஒருவர் இருந்தது பின்னால் உபயோகப்பட்டது.

விக்டோரியா ராணி இரண்டு தரப்புக்கும் கடிதம்மேல் கடிதம் எழுதினார். ராணிக்குக் கிளாட்ஸ்டனைக் கண்டால் ஆகாது. ஆனாலும் சமரசம் ஆகவேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். பிரபுக்கள் சபைக்கு ஆபத்து வந்தால் அடுத்த ஆபத்து அரண்மனைக்கு என்பது அவருக்குத் தெரியாதா? ராணியின் காரியதரிசி ஹென்றி பான்சன்பி இரு தரப்புக்கும் இடையே பாலமாக இருந்தார்.

நவம்பர் 17-ந் தேதி பார்லிமெண்டில் அரசாங்கம் ஒரு யோசனை சொன்னது. "ஓட்டுரிமை மசோதா நிறைவேறும் என்று உறுதி கொடுங்கள். தொகுதி மசோதாவை உங்களோடு கலந்து பேசியே தயாரிக்கிறோம்."

எதிர்க்கட்சி ஒப்புக்கொண்டது.

ஐந்து பேர், ஒரு வரைபடம்

அரசாங்கத்தின் பக்கம் மூன்று பேர்: கிளாட்ஸ்டன், ஹார்ட்டிங்டன் பிரபு, சார்லஸ் டில்க். எதிர்க்கட்சியின் பக்கம் இரண்டு பேர்: சாலிஸ்பரி, நார்த்கோட். நவம்பர் 22-ந் தேதி பிரதம மந்திரியின் வீடான டவுனிங் தெரு 10-ம் எண்ணில் பேச்சு நடந்தது. முடிவான ஒப்பந்தம் ஆர்லிங்டன் தெருவில் சாலிஸ்பரியின் வீட்டில் ஆயிற்று. அதனால் சரித்திரத்தில் அதற்கு "ஆர்லிங்டன் தெரு ஒப்பந்தம்" என்று பெயர்.

கிளாட்ஸ்டனுக்கு அப்போது 74 வயது. சாலிஸ்பரிக்கு 54. தாடி வைத்த கனத்த உருவம். 1874 முதல் 1878 வரை இந்தியா மந்திரியாக இருந்தவர். தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியால் செத்தபோது லண்டனில் அந்த இலாகாவை வைத்திருந்தவர் இவர்தான். ஜனநாயகம் என்றாலே இவருக்குப் பிடிக்காது. 1867-ல் பட்டணத்துத் தொழிலாளிக்கு ஓட்டு கொடுப்பதை எதிர்த்து மந்திரி பதவியையே உதறியவர்.

இப்படிப்பட்டவர் பழைய தொகுதிகளைக் கட்டிக் காப்பார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நடந்ததோ தலைகீழ்! "சின்ன ஊர்களின் சீட்டை எடுத்துவிடலாம். பெரிய பட்டணங்களைத் துண்டு துண்டாகப் பிரிக்கலாம். ஒரு துண்டுக்கு ஒரு மெம்பர்" என்ற வழிக்கு சாலிஸ்பரி தயங்காமல் வந்தார். கிளாட்ஸ்டனே திகைத்துப்போனார். பழைய வழக்கத்தில் இவருக்கு மரியாதையே இல்லையே, இவரோடு பார்த்தால் நானே பழமைவாதி என்று தம் ஆட்களிடம் அவர் சொன்னாராம்.

சாலிஸ்பரி கணக்குத் தெரியாமல் அப்படிச் செய்யவில்லை. ஒரு மாதத்துக்கு முன்புதான் தேர்தல் புள்ளி விவரங்களைப் பற்றி அவர் ஒரு கட்டுரையே எழுதியிருந்தார். பட்டணம் முழுவதும் ஒரே தொகுதியாக இருந்தால் தொழிலாளிகளின் ஓட்டுக்கு நடுவே வசதி உள்ளவர்களின் ஓட்டு கரைந்துபோகும். பட்டணத்தைப் பேட்டை பேட்டையாகப் பிரித்தால்? தோட்டம் வைத்த வீடுகள் உள்ள பகுதி தனித் தொகுதி ஆகும். அங்கே அவருடைய கட்சி ஜெயிக்கும். லிபரல் கட்சிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. இரண்டு மெம்பர் தொகுதியில் ஒரு சீட்டைப் பழைய பிரபுக் குடும்பத்துப் பிள்ளைக்கும் மற்றொன்றை முற்போக்குக்காரருக்கும் கொடுத்துக் கட்சியை ஒற்றுமையாக வைத்திருந்தார்கள். ஒரே சீட்டு என்றால் பங்கு போட முடியாதே!

இதையெல்லாம் டில்க் அறியாதவர் அல்ல. 41 வயது. ஸ்தல ஸ்தாபன மந்திரி. ஒவ்வொரு ஊரின் ஜனத்தொகையும் அவருக்கு மனப்பாடம். அவரும் ஒரு மெம்பர் தொகுதியைத்தான் விரும்பினார், வேறு காரணத்துக்காக. புதிய ஓட்டர்கள் வந்தால் முற்போக்குக்காரர்களுக்கு லாபம் என்பது அவருடைய கணக்கு. இரண்டு பேரும் ஒரே விதியில் தங்களுக்கு லாபம் என்று நம்பினார்கள். ஒப்பந்தம் சீக்கிரம் முடிந்த ரகசியம் இதில்தான் இருக்கிறது.

ஜனத்தொகையை வைத்து விதி போட்டார்கள். 15 ஆயிரம் பேருக்குக் குறைந்த ஊருக்குத் தனி மெம்பர் கிடையாது. பக்கத்துக் கிராமத் தொகுதியில் சேர்ந்துகொள்ள வேண்டியது. 50 ஆயிரம் வரை ஒரு மெம்பர். 50 ஆயிரத்துக்கு மேல் 1 லட்சத்து 65 ஆயிரம் வரை இரண்டு மெம்பர்கள். அதற்கும் மேலே போனால் பட்டணம் ஒரு மெம்பர் தொகுதிகளாகப் பிரிக்கப்படும். கிராமப் பகுதிகளும் அப்படியே.

முதலில் எண்ணை முடிவு செய்தார்கள். எந்த ஊர் அந்த எண்ணில் அடிபடுகிறது என்பது பிறகு தானாக வந்தது. "உன் ஊரை விடு, என் ஊரைத் தொடாதே" என்ற பேரத்துக்கு அதிக இடம் இல்லாமல் போனது.

கோடு போட்டவர்கள்

எண்ணிக்கையைத் தலைவர்கள் முடிவு செய்தாலும் கோட்டை அவர்கள் போடவில்லை. அதற்கு உத்தியோகஸ்தர்கள் கொண்ட எல்லைக் கமிஷன் நியமிக்கப்பட்டது. ஒரு மாவட்டத்தின் தொகுதிகள் ஜனத்தொகையில் கூடியவரை சமமாக இருக்க வேண்டும். துண்டு துண்டாகச் சிதறாமல் ஒன்றுகூடி இருக்க வேண்டும். மக்கள் செய்யும் தொழிலையும் கவனிக்க வேண்டும். சுரங்கத் தொழிலாளிகள் ஒரு தொகுதி, உழவர்கள் ஒரு தொகுதி என்று பார்த்துப் பிரிக்க வேண்டும். கமிஷனைச் சேர்ந்தவர்கள் ஊர் ஊராகப் போய் விசாரணை நடத்தினார்கள். வந்து சொல்ல விரும்பியவர்கள் சொன்னார்கள்.

டிசம்பர் 6-ந் தேதி ஓட்டுரிமைச் சட்டத்துக்கு ராணி சம்மதம் கொடுத்தார். ஓட்டர்களின் எண்ணிக்கை 30 லட்சம் அளவில் இருந்து 50 லட்சத்தைத் தாண்டியது.

தொகுதி மசோதா இன்னும் பார்லிமெண்டில் இருந்தது. அப்போதுதான் ஒப்பந்தத்துக்குப் பெரிய சோதனை வந்தது. 1885-ம் ஆண்டு ஜூன் மாதம் வரவு செலவுத் திட்டத்தில் தோற்று கிளாட்ஸ்டன் மந்திரிசபை கவிழ்ந்தது! ஜூன் 23-ந் தேதி சாலிஸ்பரி பிரதம மந்திரி ஆனார். மசோதா முன்னாள் அரசாங்கத்தினுடையது. வேண்டாம் என்று தூக்கிப் போட்டிருக்கலாம். தனக்கு வசதியாகத் திருத்தியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஜூன் 25-ந் தேதி மசோதா சட்டம் ஆயிற்று. கிளாட்ஸ்டன் கொண்டுவந்த மசோதா சாலிஸ்பரியின் ஆட்சியில் சட்டம் ஆன விசித்திரம் இது.

காமன்ஸ் சபையின் மெம்பர்கள் 652-ல் இருந்து 670 ஆனார்கள். லிவர்பூலுக்கு மூன்று போய் ஒன்பது. பர்மிங்காமுக்கு ஏழு. மான்செஸ்டருக்கு ஆறு. கான் போன்ற சின்ன ஊர்கள் டஜன் கணக்கில் கிராமத் தொகுதிகளில் கரைந்தன.

இதற்குள் பணத்தைக் கட்டுப்படுத்தவும் ஒரு சட்டம் வந்திருந்தது. 1880 தேர்தலில் லஞ்சம் வெள்ளமாக ஓடியது. சாண்ட்விச், மாக்கிள்ஸ்பீல்டு என்ற இரண்டு ஊர்களுக்கு அதற்காகவே சீட்டு பறிபோனது. 1883-ம் ஆண்டுச் சட்டம் அபேட்சகர் செலவுக்கு உச்சவரம்பு போட்டது. மீறினால் மெம்பர் பதவி போகும். தேர்தல் என்றால் இலவசமாகக் குடிக்கலாம் என்றிருந்தவர்களுக்கு அது ஒரு துக்க தினமாகத்தான் இருந்திருக்கும்.

மேஜைக்கு வராதவர்கள்

ஐந்து பேர் உட்கார்ந்து முடிவு செய்தது எல்லோருக்கும் சம்மதமா? இல்லை.

லெனார்டு கோர்ட்னி என்ற லிபரல் உதவி மந்திரி ராஜினாமா செய்தார். "ஒரு தொகுதிக்கு ஒரு மெம்பர் என்றால் தோற்றவர்களுடைய ஓட்டுக்கு மதிப்பே இல்லையே! ஓட்டு விகிதத்துக்குத் தக்கபடி சீட்டு வேண்டும்" என்ற கொள்கை உடையவர் அவர். மேஜையில் அந்தக் கொள்கைக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் எழுப்பிய கேள்வி இன்றுவரை ஓயவில்லை.

பெண்களுக்கும் இடம் கிடைக்கவில்லை. 1884 ஜூன் மாதம் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு வுடால் என்ற மெம்பர் திருத்தம் கொண்டுவந்தார். கப்பல் ஏற்கனவே பாரத்தோடு போகிறது, இதையும் ஏற்றினால் முழுகிவிடும் என்ற நியாயத்தைச் சொல்லிக் கிளாட்ஸ்டன் எதிர்த்தார். 135 பேர் ஆதரித்தார்கள், 271 பேர் எதிர்த்தார்கள். கப்பலில் ஏறுவதற்குப் பெண்கள் 1918 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அப்போதும் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குத்தான், அதுவும் நிபந்தனையோடு. ஆணுக்குச் சமமாக ஓட்டு கிடைத்தது 1928-ல். 1884-ல் நாட்டை ஆண்டவர் ஒரு பெண் என்பதை நினைத்தால் வேடிக்கைதான்.

பண்ணை வீட்டில் தங்கி வேலை செய்யும் ஆள், பெற்றோர் வீட்டில் இருக்கும் மகன், இவர்களுக்கும் ஓட்டு இல்லை. மொத்தத்தில் வயது வந்த ஆண்களில் பத்துக்கு நான்கு பேர் வெளியேதான் நின்றார்கள்.

அயர்லாந்து விஷயத்தில் தலைவர்கள் கணக்கையே பார்க்கவில்லை. பஞ்சத்திலும் குடிபெயர்ப்பிலும் அங்கே ஜனத்தொகை குறைந்துகொண்டே போனது. ஜனத்தொகை விதிப்படி சீட்டும் குறைய வேண்டும். "103 சீட்டு அப்படியே இருக்கட்டும்" என்று விட்டுவிட்டார்கள். ஏற்கனவே கோபத்தில் இருக்கும் நாட்டில் சீட்டைக் குறைத்து நெருப்பில் எண்ணெய் ஊற்ற அவர்கள் விரும்பவில்லை. இது சலுகை என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஒரு பகுதியின் ஜனங்கள் குறைந்தார்கள் என்பதற்காக அதன் குரலையும் குறைக்கலாமா என்ற கேள்வி அன்றே எழுந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

தேர்தல் நடந்தது

1885-ம் ஆண்டு இறுதியில் புதிய தொகுதிகளில் தேர்தல் நடந்தது.

வேலி வெட்டிப் பிழைத்த ஜோசப் ஆர்ச் என்ற உழவர் சங்கத் தலைவர் வடமேற்கு நார்போக் தொகுதியில் ஜெயித்தார். ராணியின் மூத்த மகனான இளவரசரின் சாண்ட்ரிங்காம் மாளிகை அந்தத் தொகுதிக்குள்தான் இருந்தது. இளவரசர் வசிக்கும் தொகுதிக்கு வயல் கூலி ஆளாக இருந்தவர் மெம்பர்!

கிராமங்களில் லிபரல் கட்சி ஜெயித்தது. பட்டணங்களில் சாலிஸ்பரியின் கணக்கு பலித்தது. அயர்லாந்தின் தலைவர் பார்னெல் 86 மெம்பர்களோடு வந்தார். அவர்களில் 85 பேர் அயர்லாந்துத் தொகுதிகளில் ஜெயித்தவர்கள். ஒருவர் லிவர்பூலில், ஐரிஷ்காரர்கள் நிறைந்த புதிய தொகுதி ஒன்றில் ஜெயித்தவர். அந்த 86 பேர் கைகாட்டிய பக்கம்தான் ஆட்சி. அயர்லாந்துக்குச் சுயாட்சி கொடுக்கப் புறப்பட்டுக் கிளாட்ஸ்டனின் கட்சி இரண்டாகப் பிளந்தது. அடுத்த இருபது வருஷத்தில் பெரும்பகுதி சாலிஸ்பரியின் கட்சிதான் ஆட்சி செய்தது. மேஜையில் யார் கெட்டிக்காரர் என்பது அப்போது தெரிந்தது.

ஆனாலும் "தொகுதியைப் பிரித்ததில் மோசடி" என்று கிளாட்ஸ்டன் சொல்ல முடியவில்லை. கோடு அவரும் சேர்ந்து சம்மதித்தது அல்லவா? தேர்தலில் தோற்றவர்கள் தேர்தலில்தான் தோற்றார்கள். வரைபடத்தில் தோற்கவில்லை.

அடுத்த பெரிய மாற்றமும் இதே வழியில்தான் வந்தது. 1916-ல் முதல் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது சபாநாயகர் தலைமையில் எல்லாக் கட்சி மாநாடு கூடியது. அதன் பலன் 1918-ம் ஆண்டுச் சட்டம். மிச்சம் இருந்த இரண்டு மெம்பர் தொகுதிகள் 1950-ம் ஆண்டுத் தேர்தலோடு மறைந்தன. நமது நாட்டிலும் 1952, 1957 தேர்தல்களில் இரட்டை மெம்பர் தொகுதிகள் இருந்தது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1961-ல் வந்த சட்டம் அவற்றை ஒழித்தது.

பின்ஸ்பரியில் ஒரு இந்தியர்

சாலிஸ்பரியின் கணக்கில் வராத ஒன்றும் நடந்தது.

லண்டனில் பின்ஸ்பரி என்ற பெரிய தொகுதி இருந்தது. இரண்டு மெம்பர்கள். 1885-ம் ஆண்டுச் சட்டம் அதைப் பல துண்டுகளாக வெட்டியது. அதில் ஒரு துண்டு ஹோபோர்ன். இன்னொரு துண்டு மத்திய பின்ஸ்பரி. கடிகாரம் செய்பவர்களும் சிறு தொழில் செய்பவர்களும் நிறைந்த சிறிய தொகுதி.

இந்தியாவின் குறைகளைப் பிரிட்டிஷ் பார்லிமெண்டிலேயே சொல்ல வேண்டும் என்று தாதாபாய் நவுரோஜி விரும்பினார். 1886-ல் ஹோபோர்ன் தொகுதியில் லிபரல் அபேட்சகராக நின்று தோற்றார். 1888-ல் எடின்பரோ கூட்டத்தில் பிரதம மந்திரி சாலிஸ்பரி அதைப் பற்றிப் பேசினார். நாம் எவ்வளவு முன்னேறியிருந்தாலும் ஓர் ஆங்கிலத் தொகுதி ஒரு "கறுப்பு மனிதரை"த் தேர்ந்தெடுக்கும் அளவுக்கு வந்துவிட்டதா என்பது சந்தேகம் என்றார். நாடு முழுவதும் கண்டனம் எழுந்தது. "இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் சாலிஸ்பரிதான் அதிகக் கறுப்பு" என்று லிபரல் வட்டாரத்தில் கேலி பேசினார்கள். அதுவரை நவுரோஜியின் பெயரைக் கேள்விப்படாத ஆங்கிலேயர்களுக்கும் அது தெரிந்துபோனது.

1892-ம் ஆண்டு ஜூலை மாதம் தேர்தல். நவுரோஜி மத்திய பின்ஸ்பரியில் நின்றார். சுமார் 6 ஆயிரம் ஓட்டுகள் பதிவாயின. எண்ணி முடித்தபோது நவுரோஜி ஜெயித்திருந்தார். எத்தனை ஓட்டு வித்தியாசம்? எண்ணுவதற்கு ஒரு கையின் விரல்களே போதும்! நவுரோஜி என்ற பெயர் ஆங்கிலேயர் வாயில் சரியாக நுழையவில்லை. "மிஸ்டர் நாரோ மெஜாரிட்டி" என்று அழைத்தார்கள். மிகக் குறைந்த பெரும்பான்மைக்காரர் என்று பொருள்.

அதே தேர்தலுக்குப் பிறகு சாலிஸ்பரியின் ஆட்சி போய்க் கிளாட்ஸ்டன் மறுபடியும் பிரதம மந்திரி ஆனார். நவுரோஜி பார்லிமெண்டுக்குப் போனார். பைபிளின்மேல் பிரமாணம் எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. தம்முடைய பார்சி வேதமான அவெஸ்தாவைக் கையில் வைத்துப் பிரமாணம் செய்துவிட்டு, மத்திய பின்ஸ்பரியின் மெம்பராக இடத்தில் போய் உட்கார்ந்தார்.